சலுகை யாருக்கு, வீடு யாருக்கு: டர்பன் மாநகராட்சியிடம் எதைக் கேட்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கட்டுபடியாகும் விலையிலும் வாடகையிலும் வீடுகள் பெருக வேண்டுமானால் மாநகராட்சி ஏதாவதொரு ஊக்கச் சலுகை தந்தே ஆக வேண்டும் என்பதைக் கொள்கையளவில் மறுப்பவர்கள் நம்மிடையே குறைவு. எந்தச் சலுகை, அதன் செலவை யார் தாங்குவது, புதிய வீடு யாருடைய தெருவில் எழுவது என்று கேட்கத் தொடங்கியதும்தான் கூட்டம் பல பக்கமாகப் பிரிகிறது. இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மியர்பேங்க், கிளேர் எஸ்டேட் ஆகிய பகுதிகளின் குடியிருப்போர் சங்கங்களும் கோயில் சபைகளும் சேர்ந்து, டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியிடம் ஒரு கோரிக்கையை வைப்பதானால், எதை முன்னிறுத்தினால் வீடும் கிடைக்கும், அக்கம்பக்கத்தாரின் ஆதரவும் கிடைக்கும் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். சில சலுகைகள் வீட்டைத் தரும், ஆதரவைக் கெடுக்கும். சில, எல்லோரும் கையெழுத்திடக்கூடியவை, ஆனால் வீடு வராது.

முதலில், யாருக்கான வீட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு போதுமான வீட்டு வசதியைப் பெறும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. அரசமைப்பு நீதிமன்றத்தின் 2000ஆம் ஆண்டு குரூட்பூம் தீர்ப்பு, அதற்கான நியாயமான திட்டத்தை வகுத்து நடத்துவது அரசின் கடமை என்று உறுதி செய்தது. ஆனால் நாம் ஆர்.டி.பி. வீடு என்று அழைக்கும், அரசு தரும் இலவச வீடு, மாதக் குடும்ப வருமானம் 3,500 ராண்டைத் தாண்டாதவர்களுக்கு மட்டுமே உரியது. 1994இல் வகுக்கப்பட்ட அந்த 3,500 என்ற உச்சவரம்பு, இத்தனை ஆண்டு விலைவாசி உயர்வுக்குப் பிறகும் அதே எண்ணாக நிற்கிறது. அதைச் சற்றே தாண்டிச் சம்பாதிக்கும் கடைச் சிப்பந்திக்கும் காவலாளிக்கும் மருத்துவமனை உதவியாளருக்கும் இலவச வீடும் இல்லை, வங்கி பாண்டும் (வீட்டுக்கடன்) எளிதில் இல்லை. 3,501 முதல் 22,000 ராண்ட் வரை வருமானமுள்ளோர் முதல் வீடு வாங்க அரசு ஓர் உதவித்தொகை தருகிறது என்பது உண்மைதான். அந்த உதவித்தொகையோடு புறப்படுபவருக்கு, வேலைக்குப் போய்வரத் தோதான தொலைவில், அவர் தாங்கும் விலையில் ஒரு வீடு கண்ணில் படுவதுதான் அரிதாக இருக்கிறது. நாம் கேட்கும் சலுகை இந்த இடைப்பட்ட வருமானக்காரருக்கு வீடு எழ உதவ வேண்டும். இந்த அளவுகோலைக் கைவிட்டால் எந்தச் சலுகையும் நல்ல சலுகையாகத் தோன்றிவிடும்.

பேச்சில் முதலில் வருவது ரேட்ஸ் தள்ளுபடி. குறைந்த வாடகைக்கு வீடு கட்டுபவருக்கோ பழைய கட்டடத்தைப் புதுப்பித்து வாடகைக்கு விடுபவருக்கோ சில ஆண்டுகளுக்குச் சொத்து வரியைக் குறைப்பது என்பது இதன் பொருள். 2004ஆம் ஆண்டின் நகராட்சிச் சொத்து வரிச் சட்டம் இத்தகைய விலக்குகளுக்கும் தள்ளுபடிகளுக்கும் இடம் தருகிறது. டர்பன் நகர மையத்தை ஒட்டிய பாயிண்ட், சவுத் பீச், ஆல்பர்ட் பார்க் பகுதிகளில் சீர்கெட்டுக் கிடக்கும் அடுக்குமாடிகளைப் பார்க்கும்போது இதன் தேவை விளங்கும். 2023 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கின் உசிண்டிசோ கட்டடத் தீயில் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கவனிப்பாரற்ற நகர மையக் கட்டடங்கள் எத்தகைய ஆபத்து என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆயினும் இதை முன்னணிக் கோரிக்கையாக எடுத்துக்கொண்டு மக்களிடம் போவது கடினம். ஆண்டுதோறும் ரேட்ஸும் தண்ணீர்க் கட்டணமும் உயர்வதைக் கண்டு புழுங்கும் ஓய்வூதியக்காரரிடம், கட்டட முதலாளிக்கு மட்டும் ரேட்ஸைக் குறைக்கக் கையெழுத்திடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? போதாததற்கு, தள்ளுபடிகளால் இழக்கும் வருவாயைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் மாநகராட்சி மன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று அதே சட்டம் விதிக்கிறது. நல்ல விதிதான்; ஆனால் எதிர்ப்பவர்க்கு அந்த எண் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் தயாராகக் கிடைக்கும். அதற்கு ஈடாக எத்தனை வீடுகள், என்ன வாடகையில் வந்தன என்ற எண்ணைக் காட்ட நம்மிடம் அத்தகைய கட்டாய ஏற்பாடு எதுவும் இல்லை. வாடகைக்கு உச்சவரம்பும் அதைக் கண்காணிக்கும் அலுவலரும் இல்லாத தள்ளுபடி, முதலாளியின் கணக்கிலேயே நின்றுவிடும்.

மேம்பாட்டுக் கட்டணத் தள்ளுபடியும் இதன் உறவுதான். புதிய கட்டடத்துக்குச் சாலை, குடிநீர், கழிவுநீர் இணைப்புகளை விரிவாக்க மாநகராட்சி வசூலிக்கும் இந்தக் கட்டணத்துக்கு, 2024இல் கையெழுத்தான சட்டத் திருத்தம் நாடு முழுவதற்குமான ஒரே அடிப்படையைத் தந்திருக்கிறது. கட்டணத்தை விட்டுக்கொடுத்தாலும் குழாய் பதித்தே ஆக வேண்டும். பணம் வேறெங்கிருந்தாவது வர வேண்டும். நகர மையத்தில் கட்டுவோருக்கு வருமான வரியில் விரைவுத் தேய்மானக் கழிவு தரும் நகர்ப்புற மேம்பாட்டு மண்டலத் திட்டம் 2003இல் தொடங்கப்பட்டது. அது தேசிய அரசின் வரி என்பதால், மண்டலத்தின் எல்லையை வகுத்த பிறகு மாநகராட்சிக்கு அதில் பெரிய பங்கு இல்லை. இதற்காக நாம் ஊரைத் திரட்ட வேண்டியதில்லை.

அடுத்தது, கூடுதல் தளங்களுக்கு அனுமதி தந்து அதற்கு ஈடாகக் கட்டுபடியாகும் வீடுகளைக் கேட்பது. இதை விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் தென்னாப்பிரிக்காவிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சி 2019இல் ஏற்ற கொள்கையின்படி, இருபதோ அதற்கு மேலோ வீடுகள் கொண்ட புதிய திட்டம் எதிலும் முப்பது சதவீத வீடுகள் குறைந்த வருமானத்தாருக்கு உரியவையாக இருக்க வேண்டும். அதற்கு ஈடாகக் கட்டுபவருக்குத் தளப்பரப்புக் குறியீட்டிலும் (மனையின் அளவுக்கு எவ்வளவு தளம் கட்டலாம் என்ற விகிதம்) அடர்த்தியிலும் உயர்வும், வாகன நிறுத்துமிட விதிகளில் தளர்வும் கிடைக்கும். நூறு வீடுகள் கட்டினால் முப்பது இப்படி வரும். மாநகராட்சிக் கருவூலத்திலிருந்து ஒரு சென்ட்டும் வெளியே போவதாகத் தெரியாது. ஓய்வூதியக்காரரின் புழுக்கத்துக்கு இதில் இடமே இல்லை என்பதால், மேடையில் பேசுவதற்கு மிகவும் எளிதான சலுகை இதுவே.

ஆனால் இதன் தன்மையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கூடுதல் தளம் என்பது, அந்தத் தளத்தைக் கட்டும் செலவைவிட அதை விற்கும் விலை கணிசமாக உயர்ந்திருக்கும் இடத்தில் மட்டுமே சலுகை. கடல் தெரியும் உம்லாங்காவில் இரண்டு மாடி கூடுதலாகக் கிடைத்தால் கட்டுபவர் முப்பது சதவீதத்தைச் சுமந்தும் லாபம் பார்ப்பார். சாட்ஸ்வொர்த்தின் வெஸ்ட்கிளிஃபிலோ பீனிக்ஸிலோ அதே அனுமதியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் வராது; அங்கே மின்தூக்கி வைத்து ஆறு மாடி எழுப்பும் செலவை எந்த விற்பனை விலையும் ஈடுகட்டாது. ஆகவே வீடு எழுவது ஓரிடம், கையெழுத்துத் திரள்வது வேறிடம். நம் பகுதியில் யாருக்கும் இழப்பில்லை என்பதால் ஆதரவு மலிவாகக் கிடைக்கும். ஆனால் எதிர்ப்பு, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியுள்ள கடற்கரைக் குடியிருப்போரிடமிருந்து வரும். இருபது வீடுகள் என்ற எல்லைக்கோடும் ஒரு தொல்லை: பத்தொன்பது வீடுகளோடு நிறுத்திக்கொள்ள எந்தக் கட்டுமானக்காரருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. கழிவுநீர் நிலையங்கள் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பட்ட அடி, நம் கடற்கரைகளையே மூடச் செய்தது. அந்தக் குழாய்களின் மேல் அடர்த்தியைக் கூட்டுங்கள் என்று சொல்லும்போது, குழாய்களுக்கு என்ன வழி என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். இருந்தாலும் இந்தச் சலுகையை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. உம்லாங்காவையும் அதை ஒட்டிய வடகரையையும் மட்டும் குறித்து, கட்டாயம் என்ற சொல்லோடு கேட்க வேண்டிய சலுகை இது. விருப்பம் என்ற சொல்லோடு வந்தால் கூடுதல் தளம் மட்டும் எழும்.

மூன்றாவது, மாநகராட்சியின் சொந்த நிலம். சமூக வாடகை வீடுகள் பற்றிய 2008ஆம் ஆண்டின் 16ஆம் சட்டத்தின் கீழ், மறுசீரமைப்பு மண்டலம் என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வாடகை வீடுகள் கட்டத் தேசிய அரசு மூலதன மானியம் தருகிறது. 2022இல் திருத்தப்பட்ட வரம்பின்படி, மாதம் 1,850 முதல் 22,000 ராண்ட் வரை வருமானமுள்ள குடும்பங்கள் இவற்றில் குடியேறலாம். அவற்றில் ஒரு பகுதி, வரம்பின் கீழ்த்தட்டில் உள்ளவர்களுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். நாம் தொடக்கத்தில் வகுத்துக்கொண்ட அளவுகோலுக்கு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும் திட்டம் வேறில்லை. மானியம் இருந்தும் கட்டடம் எழாததற்கு முக்கியக் காரணம், பேருந்துக்கும் வேலைக்கும் அருகில் உள்ள நிலத்தின் விலை. அந்தச் சுமையை மாநகராட்சி தன் நிலத்தைக் குறைந்த விலைக்கோ நீண்ட குத்தகைக்கோ தந்து இறக்கிவிட முடியும். நகராட்சி நிலம் சந்தை விலைக்கே விற்கப்பட வேண்டும் என்பது பொது விதியானாலும், பொது நலனோ ஏழைகளின் நிலையோ வேறு விதமாகக் கோரும்போது அதற்கு விலக்கு உண்டு என்று கொள்முதல் விதிமுறைகளே சொல்கின்றன. நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, அந்த நிலம் அடிப்படைச் சேவைகளுக்குத் தேவைப்படவில்லை என்பதையும் அதன் மதிப்பையும் பொதுமக்களுக்குத் திறந்த மன்றக் கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டும். இந்தத் திறந்த கூட்டம் மக்கள் ஆதரவைத் திரட்டுபவர்களுக்கு ஒரு பெரிய வசதி. ரேட்ஸ் தள்ளுபடியில் காசு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது; நிலமோ கண்ணெதிரே கிடக்கும், யாருக்கு என்ன விலைக்குப் போனது என்பது தீர்மானப் புத்தகத்தில் இருக்கும், அதில் வீடு எழுந்ததா என்பதைப் பேருந்தில் போகிறவர்கூடச் சொல்லிவிடுவார்.

நிலத்தைக் கேட்டுப் போராடினால் என்ன ஆகும் என்பதற்குக் கேப் டவுனின் டாஃபல்பெர்க் விவகாரம் பாடம். சீ பாயிண்டில் இருந்த அரசு நிலத்தை மேற்குக் கேப் மாகாண அரசு தனியாருக்கு விற்க முனைந்ததை எதிர்த்து, 2016இல் 'ரீக்ளெய்ம் த சிட்டி' இயக்கம் எழுந்தது. 2020இல் உயர் நீதிமன்றம் அந்த விற்பனையை ரத்து செய்தது; பின்னர் வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது. நிலத்தை விற்பதைத் தடுப்பது ஒன்று, அதில் வீடு கட்டிக் குடியேற்றுவது வேறொன்று. எனவே நம் கோரிக்கையில் நிலத்தோடு சேர்த்து, இத்தனை ஆண்டுகளுக்குள் கட்டாவிட்டால் நிலம் மாநகராட்சிக்கே திரும்பும் என்ற நிபந்தனையும் இருக்க வேண்டும்.

இந்தச் சலுகைக்கு எதிர்ப்பு நம் தெருக்களிலிருந்தே வரும் என்பதையும் மறைக்கக்கூடாது. காலி நிலம் என்று மாநகராட்சி சொல்வது, பல இடங்களில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் திடலாகவோ, பள்ளி வரும் கோயில் வரும் என்று எழுபதுகளிலிருந்து காத்திருக்கும் மனையாகவோ இருக்கிறது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த நிறவெறிக் காலக் குழு வாழிடச் சட்டத்தின் பெயரால் மகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் இடம் சாட்ஸ்வொர்த். மாநகராட்சி வரைபடத்தை விரித்து இங்கே வீடு என்று விரல் வைத்தாலே முகம் சுருங்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது; அந்தச் சுருக்கத்தில் நியாயம் உண்டு. அதை முன்முடிவு என்று ஒதுக்கிவிட்டுப் போகும் இயக்கம் முதல் கூட்டத்தோடு முடிந்துவிடும்.

நான்காவது சலுகையைப் பற்றி மாநகராட்சி ஆவணங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. நம் ஊரில் மிக அதிகமாக வீடு தருவதோ அதுதான். வீட்டின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ கட்டி வாடகைக்கு விடும் அவுட்பில்டிங். திருமணமான மகன் குடியிருக்க எழுந்த இரண்டு அறை, அவன் வெளியூர் போனதும் ஒரு செவிலியர் குடும்பத்துக்கு வாடகை வீடாகிறது. வாடகை வருமானம் விதவைத் தாய்க்கு மருந்துச் செலவாகிறது. இவற்றில் பல, 1977ஆம் ஆண்டின் கட்டட விதிச் சட்டம் கோரும் வரைபட ஒப்புதல் இல்லாமலே எழுந்தவை. ஒப்புதல் வாங்காததற்குக் காரணம் பெரும்பாலும் திமிர் அல்ல; வரைபடக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கூலியும், மாநகராட்சிக் கட்டணமும், ஒப்புதல் வாங்கினால் சொத்து மதிப்பு உயர்ந்து ரேட்ஸ் ஏறும் என்ற அச்சமும்தான். ஆக, இங்கே சலுகை என்பது மிகச் சிறியது: மாநகராட்சியே தயாரித்துத் தரும் மாதிரி வரைபடங்கள், ஒப்புதல் கட்டண விலக்கு, குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மதிப்பீட்டை உயர்த்தாமை, ஏற்கெனவே கட்டியவர்கள் அபராதமின்றி முறைப்படுத்திக்கொள்ள ஒரு காலக்கெடு.

இவற்றோடு நான் சேர்க்க விரும்புவது இரண்டாவது தண்ணீர் மீட்டர். பயன்பாடு கூடக்கூட விகிதம் உயரும் படிநிலைக் கட்டணத்தில், இரண்டு குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால், இருவரும் சிக்கனமாக இருந்தாலும் மேல் படியின் விகிதத்தில் பணம் கட்ட நேர்கிறது. வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏற்றுகிறார். குறைந்த செலவில் தனி மீட்டர் தந்தாலே வாடகையில் ஒரு பங்கு இறங்கும். மாநகராட்சிக்கும் கணக்கில் வராத தண்ணீர் குறையும். இவ்வளவு சாதாரணமான கோரிக்கை என்பதாலேயே இது கொள்கை அறிக்கைகளில் இடம்பிடிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

அவுட்பில்டிங்கின் குறைகளும் சிறியவை அல்ல. 1976 முதல் எழுந்த பீனிக்ஸின் நெருக்கமான மனைகளில் இதற்கு இடமே இல்லாத தெருக்கள் உண்டு. கழிவுநீர்க் குழாய் நிரம்பிப் பக்கத்து வீட்டு முற்றத்தில் பொங்குவதைப் பார்த்தவர், தெருவே இரட்டிப்பாவதை விரும்பமாட்டார். வாடகைதாரருக்கு எழுத்து ஒப்பந்தம் இருப்பதும் அரிது. எண்ணிக்கையிலும் இது ஒவ்வொன்றாகச் சேரும் சிறுவாடு. ஆயிரம் வீடு திறந்தோம் என்று எந்த மேயரும் ரிப்பன் வெட்ட முடியாது. ஆனால் ஆதரவு என்ற கணக்கில் இதற்கு இணை இல்லை. மற்ற மூன்று சலுகைகளிலும் மக்கள் வேறொருவர் பெறும் நன்மைக்குக் கையெழுத்திடுகிறார்கள். இதில் சொந்த வீடுள்ளவர், வாடகைக்கு இருப்பவர் ஆகிய இருவரும் ஒரே தாளில் தங்களுக்காகக் கையெழுத்திடலாம்.

எனவே என் தேர்வு, நிலத்தையும் அவுட்பில்டிங்கையும் ஒரே கோரிக்கையில் இணைப்பது. கூடுதல் தளச் சலுகையை உம்லாங்காவுக்கு மட்டும் தனித் தீர்மானமாக வைப்பது. ரேட்ஸ் தள்ளுபடியை நகர மையப் புதுப்பிப்புக்கு மட்டும், வாடகை உச்சவரம்போடு, பின்னொரு நாளுக்கு விட்டுவைப்பது. நிலம் மட்டும் என்றால் நம் தெருக்கள் எதிர்க்கும். அவுட்பில்டிங் மட்டும் என்றால், சொந்த மனை உள்ளவர்கள் தங்களுக்கு வரிச் சலுகை கேட்கிறார்கள் என்று தகரக் குடிசைகளில் வாழ்வோர் சொல்வார்கள். அது பொய்யாகவும் இராது.

இந்த இடத்தில் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2021 ஜூலைக் கலவரமும் பீனிக்ஸில் அப்போது நடந்த கொலைகளும், பீனிக்ஸுக்கும் அதை அடுத்த கறுப்பினத்தவர் குடியிருப்புகளுக்கும் இடையே இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் குலைத்துவிட்டன. அந்தப் பகுதியில் வீடு பற்றி நாம் என்ன கேட்டாலும், இந்தியர்கள் தங்களுக்கு மட்டும் கேட்கிறார்களா என்றே முதலில் பார்க்கப்படும். கிளேர் எஸ்டேட்டின் கென்னடி சாலைக் குடிசைவாசிகளிடையே 2005இல் பிறந்த அபஹ்லாலி பாசெம்ஜொண்டோலோ இயக்கம், 2009இல் அரசமைப்பு நீதிமன்றம் வரை சென்று மாகாணக் குடிசை ஒழிப்புச் சட்டத்தின் ஒரு முக்கியப் பிரிவையே செல்லாததாக்கியது. நம் வீட்டு மதிலுக்கு அப்பால் இவ்வளவு திறமும் அனுபவமும் இருக்கும்போது, அவர்களிடம் பேசாமல் கோரிக்கையை எழுதுவது மரியாதைக் குறைவு மட்டுமன்றி மடமையும் ஆகும். வரைவு எழுதும் முன்பே அவர்களோடு அமர வேண்டும். எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டக்கூடாது.

எதிர்ப்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் கேட்கப்போவது தண்ணீரைப் பற்றித்தான். 2022 வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து மாதக்கணக்கில் குழாயில் சொட்டு நீரின்றித் தவித்த டொங்காட் மக்களிடம், இன்னும் குடும்பங்கள் வரட்டும் என்று சொல்வதற்கு முன் அதே கோரிக்கையில் குழாயும் இருக்க வேண்டும். மாநகராட்சியும் டொங்காட் ஹியூலட் சர்க்கரை நிறுவனமும் பழைய கரும்பு நிலத்தில் எழுப்பிய கார்னூபியா குடியிருப்பை ஒருமுறை போய்ப் பார்த்து வருவது நல்லது. பெரிய திட்டம் ஒன்று காகிதத்திலிருந்து தரைக்கு வர எத்தனை ஆண்டுகள் பிடிக்கின்றன என்பது அங்கே புரியும், வேலைவாய்ப்புக்கு அருகில் வீடு அமைவதன் பயனும் புரியும்.

காலம் பற்றியும் ஒரு சொல். மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட் அதற்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன்பே மன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்பதால், மார்ச் இறுதிக்குள் அது வெளிவந்துவிடும். மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டங்கள் அதன் பிறகே நடக்கும். நகராட்சி அமைப்புகள் சட்டத்தின் நான்காம் அத்தியாயம் இந்தப் பங்கேற்பை மாநகராட்சியின் கடமையாக்குகிறது. பெரிய வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூடும் பெருங்கூட்டம் ஏறத்தாழ இதே வாரங்களில்தான் வருகிறது. கோயிலுக்குள் அரசியல் வேண்டாம் என்பவர்களோடு எனக்கு வாதமில்லை. வாசலுக்கு வெளியே ஒரு மேசை போதும். ஆனால் பட்ஜெட் வெளிவந்த பிறகு தொடங்கினால் எண்களை மாற்ற நேரம் இராது. வரைவு தயாராகும் ஜனவரி, பிப்ரவரியிலேயே வட்டாரக் குழுவிலும் கவுன்சிலரிடமும் கோரிக்கை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அந்தக் கோரிக்கைத் தாளில் நான் எதிர்பார்ப்பவை இவ்வளவே: குறிப்பிட்ட இரண்டு மூன்று மாநகராட்சி நிலங்களின் மனை எண்கள், அவற்றில் எழும் வீடுகளுக்கான வருமான வரம்பும் வாடகை உச்சவரம்பும், கட்டி முடிக்கும் காலக்கெடு, தவறினால் நிலம் திரும்பும் நிபந்தனை, அந்த வட்டாரத்தின் கழிவுநீர்க் குழாய்க்கு ஒதுக்க வேண்டிய தொகை அதே பட்ஜெட்டில், அவுட்பில்டிங் முறைப்படுத்தலுக்கான காலக்கெடுவும் இரண்டாவது மீட்டரும், ஆண்டுக்கொருமுறை எத்தனை வீடுகளில் யார் குடியேறினார்கள் என்ற எண்ணிக்கையை வட்டார வாரியாக வெளியிடும் கடப்பாடு. கடைசியாகச் சொன்னது இல்லையென்றால், அடுத்த ஆண்டு இதே சலுகையைத் தொடரச் சொல்லி மக்களிடம் போகும்போது நாம் காட்ட எதுவும் இராது.